கொலையாளி யாரென்று சொல்லாமலே முடிந்த விசாரணை

கேட்கப்பட்ட கேள்வி இது: ‘ஹோமிசைட்: லைஃப் ஆன் த ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கக் காவல்துறைத் தொடரில் ‘த்ரீ மென் அண்ட் அடீனா’ என்ற எபிசோடை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். தேடிப் பிடித்துப் பார்த்தேன். மூன்று பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சிறுமியைக் கொன்றது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கிழவர் கொன்றாரா, இல்லையா? முடிக்கத் தெரியாமல் எழுத்தாளர் கைவிட்ட கதைக்கு ஏன் இவ்வளவு புகழ்?

கேள்வியின் முதல் பாதிக்கு விடை ஒரே வரி. கொன்றாரா என்பது கடைசிவரை சொல்லப்படவில்லை. 1993-இலிருந்து 1999 வரை ஏழு பருவங்கள், 122 எபிசோடுகள் ஓடிய தொடர் அது. அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. மறந்துபோய் விட்டுவிடவில்லை; தெரிந்தேதான் விட்டார்கள். ஏன் என்பதற்குத்தான் நீண்ட விடை வேண்டியிருக்கிறது. அதற்கு அந்த அறைக்கு வெளியே நடந்த ஓர் உண்மைக் கொலையிலிருந்து தொடங்க வேண்டும்.

டேவிட் சைமன் என்ற நிருபர் ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் குற்றச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தார். 1988-ஆம் ஆண்டு முழுவதும் பால்டிமோர் காவல்துறையின் கொலைப் பிரிவுடன் கூடவே இருந்து பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஓராண்டில் அந்த நகரத்தில் 234 கொலைகள். அவற்றில் ஒன்று, நூலகத்துக்குப் போன ஒரு 11 வயதுச் சிறுமியின் கொலை. வரிசை வீடுகளின் பின்புறத்தில் அவள் உடல் கிடந்தது. கொலைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த ஒரு துப்பறிவாளர் அந்த வழக்கை ஏற்றார். மாதக்கணக்கில் அதிலேயே கரைந்துபோனார். அவருடைய சந்தேகம் அந்தப் பகுதியில் மீன்கடை வைத்திருந்த ஒருவர் மேல் விழுந்தது. கடை தீப்பிடித்து எரிந்திருந்தது. சிறுமியின் உடையிலிருந்த கரிக்கறை அந்தக் கடையிலிருந்து வந்ததோ என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியாக ஒரு நீண்ட விசாரணையும் நடந்தது. அதில் ஒப்புதல் வரவில்லை. யார் மேலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. வழக்கு இன்றுவரை மூடப்படாத வழக்குதான். சைமன் இதையெல்லாம் 1991-இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். தொடரின் தலைப்பில் உள்ள ‘ஹோமிசைட்’ அந்தப் புத்தகத்திலிருந்து வந்தது.

பால்டிமோரிலேயே பிறந்து வளர்ந்த இயக்குநர் பாரி லெவின்சன் அந்தப் புத்தகத்தைத் தொடராக்க முன்வந்தார். பால் அட்டனாசியோ தொடரை உருவாக்கினார். எழுத்துப் பொறுப்பை டாம் ஃபொன்டானா ஏற்றார். 1993 ஜனவரி 31 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டம் முடிந்த கையோடு என்.பி.சி. தொலைக்காட்சியில் முதல் எபிசோட் வந்தது. அதன் கடைசிக் காட்சியில் டிம் பேலிஸ் என்ற இளம் துப்பறிவாளன் மழையில் ஒரு சிறுமியின் உடலருகே நிற்கிறான். அவள்தான் அடீனா வாட்சன். மேயரின் பாதுகாப்புப் பணியிலிருந்து கொலைப் பிரிவுக்கு வந்தவன் பேலிஸ்; அவன் பொறுப்பில் விழும் முதல் வழக்கே இது. நீங்கள் பார்த்த எபிசோட் அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, மார்ச் 3 அன்று, வரிசையில் ஐந்தாவதாக வந்தது. எழுதியவர் ஃபொன்டானாவே.

இப்போது ஃபொன்டானாவின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். கையில் இருப்பது ஓர் உண்மைச் சிறுமியின் மரணம். அவளுடைய குடும்பம் அதே நகரத்தில் இருக்கிறது. தொடரின் படப்பிடிப்பும் அதே நகரத்தில், துறைமுகப் பகுதியான ஃபெல்ஸ் பாயின்ட்டில் ஒரு பழைய படகுத்துறைக் கட்டடத்தைக் காவல் நிலையமாக்கி நடக்கிறது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்காத விடையை, விளம்பர இடைவேளைகள் போக மிஞ்சும் முக்கால் மணி நேரத்தில் பார்வையாளருக்குக் கொடுத்துவிடுவது எளிது. கிழவர் உடைந்து அழுவார், காகிதத்தில் கையெழுத்துப் போடுவார், பேலிஸ் மூச்சு விடுவான். எத்தனை தொடர்களில் பார்த்திருக்கிறோம்! ‘கொலம்போ’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரின் வகைக் கதைகளில் கொலையாளி யாரென்று தொடக்கத்திலேயே நமக்குத் தெரியும், எப்படிப் பிடிபடுவார் என்பதுதான் சுவை. மற்ற வகையில் கடைசியில் தெரியும். எப்போதுமே தெரியாது என்பது 1993-இல் ஒரு பெரிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்தின் காவல்துறைத் தொடரில் அரிது. முடிவை எழுதத் தெரியாதவர் செய்யும் காரியமாக எனக்கு இது படவில்லை.

ஃபொன்டானா மாற்றியவற்றில் மிக நுட்பமான மாற்றம், சந்தேக நபரின் தொழில். மீன்கடைக்காரர் கதையில் ஓர் ‘ஏராபர்’ ஆகிறார். பெயரைக் கேட்டால் அரபு நாட்டவரோ என்று தோன்றும், தொடர்பே கிடையாது. தெருவில் திரிபவர்களைக் குறித்த பழைய லண்டன் வழக்கிலிருந்து வந்த சொல் என்பார்கள். குதிரை பூட்டிய வண்டியில் பழமும் காய்கறியும் ஏற்றி, கூவி விற்றுக்கொண்டு போகும் பால்டிமோர் வியாபாரிகளுக்கு அந்தப் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, கறுப்பின ஆண்களுக்கு வேறு வேலைகளின் கதவுகள் சாத்தப்பட்டிருந்த காலத்தில், இந்தத் தொழிலில் அவர்கள் நிறையப் பேர் இறங்கினார்கள். குதிரையின் மணிச் சத்தமும், ஒவ்வொருவருக்கும் தனி ராகமாக அமைந்த கூவலும் கேட்டால் வீட்டுப் பெண்கள் படியிறங்கி வருவார்கள். பிள்ளைகள் குதிரையைத் தொட்டுப் பார்க்க ஓடி வருவார்கள். இன்றும் சில லாயங்கள் அங்கே மிஞ்சியிருக்கின்றன.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் ரிஸ்லி டக்கர் என்ற கிழவரின் எடை புரியும். ஒரு சிறுமி ஏன் ஒரு கிழவரின் லாயத்துக்கு அடிக்கடி போனாள் என்ற கேள்வி, மீன்கடை என்றால் தொடக்கத்திலேயே கறுத்துவிடும். குதிரை என்றால் அப்படியில்லை. குதிரை இருக்கும் இடத்துக்குக் குழந்தை போவது இயல்பு. அந்த இயல்புக்குள் இயல்பற்றது ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று துருவுவதே பேலிஸின் வேலை. எரிந்துபோன லாயம், சிறுமியின் உடையில் கரிக்கறை என்று உண்மை வழக்கின் சான்றுகள் கிட்டத்தட்ட அப்படியே இங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. அவை ஒருவரைச் சந்தேகிக்கப் போதும். நீதிமன்றத்தில் நிறுத்தப் போதாது. ஆகவே மிச்சமிருப்பது டக்கரின் வாய் ஒன்றுதான்.

டக்கரை ஏற்கெனவே பலமுறை விசாரித்தாகிவிட்டது. இது கடைசி வாய்ப்பு. பன்னிரண்டு மணி நேரம். அதற்குள் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் விட்டுவிட வேண்டும், மறுபடி தொடக்கூடாது. துப்பறிவாளர்கள் ‘பெட்டி’ என்று அழைக்கும் விசாரணை அறையில் ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி. எபிசோட் ஏறக்குறைய முழுவதும் அதற்குள்ளேயே நடக்கிறது.

பேலிஸுக்கு டக்கர்தான் கொலையாளி என்பதில் ஐயமே இல்லை. அவனுடைய கூட்டாளி ஃபிராங்க் பெம்பிள்டனுக்கு ஐயம் உண்டு. ஆனால் பெட்டிக்குள் ஒருவரை உட்காரவைத்து வாயைத் திறக்க வைப்பதில் அவனுக்கு நிகர் அந்தப் பிரிவில் யாருமில்லை. முதல் எபிசோடிலேயே பெம்பிள்டன் தன் தொழிலை விளக்குவான்: விசாரணை என்பது வியாபாரம், வாங்குபவருக்குச் சற்றும் தேவையில்லாத ஒரு சரக்கை, அதாவது நீண்ட சிறைவாசத்தை, அவர் தலையில் கட்டுகிற விற்பனையாளன் நான் என்று. அப்போது அது நகைச்சுவையாக இருக்கும். சிரித்துவிட்டு, அவன் ஓர் இளைஞனை வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்ல வைக்கும் தந்திரத்தையும் ரசித்துவிடுவோம். பேலிஸ் மட்டும் முகம் சுளிப்பான். நீங்கள் பார்த்த எபிசோட் அந்தச் சிரிப்புக்குக் கொடுக்கும் ரசீது. அங்கே தந்திரத்தைக் கண்டு சுளித்த பேலிஸ் இங்கே தந்திரத்தைவிட மோசமான இடத்துக்குப் போய்விடுகிறான்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் என்னென்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். முதலில் நட்பு. பிறகு சலிப்பூட்டும் விவரங்கள்: எங்கே இருந்தீர்கள், எப்போது பார்த்தீர்கள், மறுபடி சொல்லுங்கள், இன்னொரு முறை சொல்லுங்கள். சொன்னதில் ஒரு சிறு பிசகு கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. பிணத்தின் புகைப்படங்களை முகத்துக்கு நேரே நீட்டுவது. டக்கருக்குப் பழைய குடிப்பழக்கம் உண்டு; அதைக் கிளறி, குடியில் நடந்தது நினைவில்லாமல் போயிருக்கலாம் அல்லவா என்று நூல் விட்டுப் பார்ப்பது. ஒருவன் கத்தினால் மற்றவன் தணிவது, பிறகு இடம் மாற்றிக்கொள்வது. ஒரு கட்டத்தில் பேலிஸ் கிழவரின் முகத்தைக் கொதிக்கும் குழாயின் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறான். பார்க்கும் நமக்கு அப்போது ஒரு சங்கடம் வரவேண்டும்: ‘ஒப்புக்கொண்டுவிடேன்’ என்று நம் மனமும் கிழவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் முதல்முறை பார்த்தபோது எனக்கு அந்தச் சங்கடம் வரவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். கதை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் நானும் பேலிஸின் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் நம் வாசகர்களுக்கு ஓர் அடிப்படைக் குழப்பம் தங்கிவிடும். காவல் நிலையத்தில் ஒப்புக்கொண்டால் என்ன ஆகிவிடும், நீதிமன்றத்தில் மறுத்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். இந்தியாவில் அப்படித் தோன்றுவது சரியே. காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. இப்போதைய புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1966-இல் மிராண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம், பேசாமல் இருக்கும் உரிமையும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு என்று கைதிக்கு முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும் என்றது. சொன்ன பிறகும் அவர் தானாக வாய் திறந்தால், அந்த வாக்குமூலம் நேராக ஜூரியின் முன்னால் போகும். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1969-இல் ஃபிரேசியர் வழக்கில், விசாரணையின்போது காவலர்கள் ஒரு பொய்யைச் சொன்னார்கள் என்பதாலேயே வாக்குமூலம் செல்லாததாகிவிடாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, உன் கூட்டாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், உன் கைரேகை கிடைத்துவிட்டது என்றெல்லாம் இல்லாததைச் சொல்லிப் பேச வைக்கலாம். பெட்டி என்ற அறைக்கு அவ்வளவு அதிகாரம் வந்தது இப்படித்தான். டக்கரின் ஒரு வாக்கியம் அவரை ஆயுள் முழுவதும் உள்ளே வைக்கப் போதுமானது. பேலிஸ் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் உயிரை விடுகிறான்.

பொய் ஒப்புதல் என்பது என்ன, எப்படி நடக்கும் என்று பொதுமக்களுக்கு அப்போது பெரிதாகத் தெரியாது. 1989-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் ஐந்து சிறுவர்கள் சிறைக்குப் போனார்கள். நீண்ட விசாரணைக்குப் பிறகு அவர்களிடமிருந்து பெறப்பட்ட வாக்குமூலங்களே அவர்களுக்கு எதிரான முக்கியச் சான்று. ‘த்ரீ மென் அண்ட் அடீனா’ ஒளிபரப்பான நாளில் அவர்கள் குற்றவாளிகள் என்றுதான் நாடு நம்பிக்கொண்டிருந்தது. 2002-இல்தான் உண்மையான குற்றவாளி ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் அதை உறுதிசெய்து, ஐவரின் தண்டனையும் ரத்தானது. களைத்துப்போன மனிதன் செய்யாததையும் ஒப்புக்கொள்வான் என்பதை நாம் இன்று தெரிந்துகொண்டு இந்த எபிசோடைப் பார்க்கிறோம். 1993-இல் பார்த்தவர்களுக்கு ‘ஒப்புக்கொள்வாரா?’ என்பது மட்டுமே கேள்வியாக இருந்திருக்கும். நமக்கு ‘ஒப்புக்கொண்டால்தான் என்ன, அது உண்மையாகிவிடுமா?’ என்பதும் சேர்ந்துகொள்கிறது. எழுத்து மாறவில்லை, அதைச் சுற்றி உலகம் மாறியிருக்கிறது.

இனி திருப்பம். கிழவர் முழுவதும் நொறுங்கிவிட்டார், இதோ வந்துவிடப் போகிறது என்று தோன்றும் நேரத்தில் டக்கர் நிமிர்ந்து உட்கார்கிறார். அதுவரை கேள்விக்கு மட்டும் பதில் சொன்னவர் இப்போது தானாகப் பேசத் தொடங்குகிறார். பெம்பிள்டனைப் பார்த்து: நீ படித்தவன், மேலே ஏறிவிட்டவன்; என்னைப் போன்ற கறுப்பனைப் பார்த்தால் உனக்குப் பிடிக்காது, ஏனென்றால் நீ யார் என்பதை நான் உனக்கு நினைவுபடுத்துகிறேன் என்கிறார். பேலிஸைப் பார்த்து: உனக்குள் ஓர் இருட்டு இருக்கிறது, அதைப் பார்க்க நீயே பயப்படுகிறாய் என்கிறார். பன்னிரண்டு மணி நேரமாக அவரை இருவரும் படித்தார்கள் என்று நினைத்தோம். அவர் அவர்கள் இருவரையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டிக்குள் யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தலைகீழாகிறது.

அதன்பின் அவர் ஓர் ஒப்புதல் தருகிறார். அவர்கள் கேட்ட ஒப்புதல் இல்லை. தன் வாழ்வின் பெரிய அன்பு அந்தப் பதினொரு வயதுச் சிறுமிதான் என்கிறார். சொல்லக் கூசுகிற ஒன்றை, சொல்லிவிட்டால் தன்னை யாரும் மனிதனாகவே பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் சொல்கிறார். கொன்றதை மட்டும் சொல்லவில்லை. கொல்லவில்லை என்கிறார்.

இந்த இடம்தான் எழுத்தின் உச்சம் என்பேன். நல்லவர் வீணாகத் துன்புறுத்தப்பட்டார் என்று எழுதியிருந்தால் நாம் நிம்மதியாகப் பேலிஸை வெறுத்துவிட்டு எழுந்து போயிருப்போம். கெட்டவர் தப்பிவிட்டார் என்று எழுதியிருந்தால் சட்டத்தின் மேல் கோபப்பட்டுவிட்டு எழுந்து போயிருப்போம். ஃபொன்டானா இரண்டு வழியையும் அடைத்துவிட்டார். அந்த அன்பு குற்றத்துக்கு மிக அருகில் நிற்கும் அன்பு, அது அருவருப்பூட்டுகிறது. ஆனால் அருவருப்பு கொலைக்குச் சான்று ஆகாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பது கடினம். நீங்கள் உணர்ந்த எரிச்சல், ‘இதற்கா ஒரு மணி நேரம்?’ என்று தோன்றியது, பெரும்பாலும் அந்தக் கடினம்தான் என்று நினைக்கிறேன்.

முடிவில் ஒரு சிறு மாற்றம் நடக்கிறது. வேகமாகக் கடந்து போகும், பலர் தவறவிட்டுவிடுவார்கள். டக்கரை விட்டுவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. தொடக்கத்தில் ஐயப்பட்ட பெம்பிள்டன் இப்போது பேலிஸிடம், நீ சொன்னது சரி, இவர்தான் செய்தார் என்கிறான். தொடக்கத்தில் உறுதியாக இருந்த பேலிஸ், எனக்கு இப்போது தெரியவில்லை என்கிறான். இருவரும் ஒரே அறையில் ஒரே சொற்களைத்தான் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு திசையில் இடம் மாறிவிட்டார்கள். ஆகவே ‘கொன்றாரா, இல்லையா?’ என்று நீங்கள் கேட்பதை எழுத்தாளர் மறந்துவிடவில்லை. அந்தக் கேள்வியை இரண்டு பாத்திரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, அவர்களுடைய விடைகளை மாற்றி வைத்துவிட்டார். என் விடை என்னவென்று கேட்டால், ஒரு ஜூரியாக நான் அவரை விடுவித்திருப்பேன். ஒரு தகப்பனாக அவருடைய லாயத்தின் பக்கம் என் பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டேன். இதற்கு மேல் அந்தக் கதையிலிருந்து எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

டக்கராக நடித்த மோசஸ் கன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேடையிலிருந்து வந்தவர், நியூயார்க்கின் நீக்ரோ என்சாம்பிள் கம்பெனி நாடகக் குழுவின் தொடக்கக்கால உறுப்பினர்களில் ஒருவர். 1977-இல் வந்த ‘ரூட்ஸ்’ தொடரிலும் நடித்தவர். அதே 1993-இன் டிசம்பரில், 64 வயதில் காலமானார். திரையில் அவருடைய கடைசிப் பாத்திரம் இது. முதல் பாதி முழுவதும் அவர் எவ்வளவு குறைவாக நடிக்கிறார் என்று பாருங்கள். களைப்பு மட்டும்தான் இருக்கும். குற்றவாளியின் களைப்பும் நிரபராதியின் களைப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முகத்தில் ஒரு கணம் கள்ளத்தனம் எட்டிப் பார்த்திருந்தாலும் எபிசோட் விழுந்திருக்கும்.

பெம்பிள்டனாக வந்த ஆண்ட்ரே பிராவர், ஜூலியார்ட் நாடகப் பள்ளியில் பயின்று ஷேக்ஸ்பியர் நடித்தவர். இந்தப் பாத்திரத்துக்காக 1998-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது பெற்றார். 2023 டிசம்பரில் அவரும் போய்விட்டார். ‘புருக்ளின் நைன்-நைன்’ நகைச்சுவைத் தொடரின் கேப்டன் ஹோல்ட்டாக மட்டுமே அவரைத் தெரிந்தவர்கள் இந்த எபிசோடைப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழமாட்டார்கள். பேலிஸாக நடித்த கைல் செகாருக்குக் கிடைத்த வேலை இன்னும் கடினமானது. நம் பரிவை இழந்துகொண்டே போகவேண்டிய பாத்திரம் அது.

இயக்கியவர் மார்ட்டின் கேம்ப்பெல். இவரே இரண்டு ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் பாண்ட் படமான ‘கோல்டன் ஐ’யையும் பின்னர் ‘கேசினோ ராயல்’ படத்தையும் இயக்கினார். அணைக்கட்டின் மேலிருந்து குதிக்கும் காட்சியை எடுக்கப் போகிற மனிதர், நான்கு சுவர்களுக்குள் மூன்று முகங்களை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறார் என்பது வேடிக்கையான ஒப்பீடு. தொடர் முழுவதற்குமே ஒரு பாணி உண்டு: 16 மி.மீ. ஃபிலிம், கையில் பிடித்த கேமரா, ஒரே வசனத்தின் நடுவில் திடீரென்று தாவும் வெட்டுகள். அன்றைக்குப் பலருக்கு அது தலைவலியாக இருந்தது. ஆனால் நேரம் போவதே தெரியாமல் நீளும் ஒரு விசாரணைக்கு அந்த வெட்டுகள் மிகப் பொருத்தம். இந்த எபிசோடை எழுதியதற்காக அந்த ஆண்டு எம்மி ஃபொன்டானாவுக்குக் கிடைத்தது. முதல் எபிசோடை இயக்கியதற்காக லெவின்சனுக்குக் கிடைத்தது. பார்வையாளர் எண்ணிக்கை மட்டும் கைகொடுக்கவில்லை. இரண்டாம் பருவத்துக்கு என்.பி.சி. கொடுத்தது வெறும் நான்கு எபிசோடுகள்.

குறை சொல்லவேண்டுமானால் எனக்கு இரண்டு உண்டு. ஒன்று, பேலிஸின் ‘உள்ளிருட்டு’ பற்றி டக்கர் பேசும் இடம். இவ்வளவு துல்லியமாக ஒரு தெரு வியாபாரி ஒரு முன்பின் தெரியாதவனின் மனதைத் திறந்துவிடுவது நாடகத்துக்கு நன்றாக இருக்கிறது, நம்பத்தான் கொஞ்சம் சிரமம். பின்னால் ஐந்தாம் பருவத்தில், பேலிஸ் சிறுவயதில் தன் உறவினரால் பாலியல் கொடுமைக்கு ஆளானவன் என்று வெளிப்படுத்தி, இந்தப் பேச்சுக்குப் பின்தேதியிட்டு ஒரு காரணம் கொடுத்தார்கள். அது இந்தக் காட்சியை ஆழமாக்குகிறது என்பவர்கள் உண்டு. தெரியாமல் இருந்தபோதுதான் அது பயங்கரமாக இருந்தது என்பது என் கட்சி. இரண்டாவது குறை இன்னும் பெரியது. தலைப்பில் அடீனா இருக்கிறாள், அறையில் அவள் புகைப்படமாக மட்டுமே இருக்கிறாள். மூன்று ஆண்கள் தங்கள் பயத்தையும் இனத்தையும் வர்க்கத்தையும் பேசித் தீர்த்துக்கொள்ள அவள் ஒரு காரணமாகிவிடுகிறாள். ஃபொன்டானா இதை அறிந்தேதான் அப்படித் தலைப்பு வைத்தாரோ என்று நான் யோசிப்பதுண்டு. அறிந்து செய்திருந்தாலும் குறை குறைதான்.

கொலைப் பிரிவின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு துப்பறிவாளரின் பெயருக்குக் கீழும் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். தீர்க்கப்படாத வழக்கு சிவப்பு எழுத்தில், தீர்ந்தது கறுப்பில். பால்டிமோர் கொலைப் பிரிவில் உண்மையாகவே இருந்த வழக்கம் அது. சைமன் புத்தகத்திலிருந்து வந்தது. பேலிஸின் பெயருக்குக் கீழே அடீனா சிவப்பிலேயே இருக்கிறாள். நான்காம் பருவத்தில் ‘ரெக்வியம் ஃபார் அடீனா’ என்று ஓர் எபிசோட் உண்டு. வேறொரு சிறுமி ஏறக்குறைய அதே மாதிரி கொல்லப்பட, பேலிஸ் பழைய கோப்பைத் தூசி தட்டுகிறான். அங்கேயாவது விடை வரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் நேராக இதற்குள் நுழையாமல் முதல் எபிசோடிலிருந்து தொடங்குங்கள். பெம்பிள்டனின் விற்பனையாளர் பேச்சும், மழையில் பேலிஸ் நிற்கும் காட்சியும் மனதில் இருந்தால் பெட்டிக்குள் நடப்பது வேறு கனத்தில் இறங்கும். ஒளிபரப்பில் வரிசை கொஞ்சம் குழம்பியது. மூன்றாவதாக வரவேண்டிய ‘நைட் ஆஃப் த டெட் லிவிங்’ அந்தப் பருவத்தின் கடைசியில் காட்டப்பட்டது. அதை அதன் பழைய இடத்திலேயே வைத்துப் பார்ப்பது நல்லது. பல ஆண்டுகளாகக் குறுந்தட்டில் மட்டுமே கிடைத்துவந்த தொடர் 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் பீகாக் என்ற இணையவழி ஒளிபரப்புத் தளத்துக்கு வந்தது. பாடல் உரிமைச் சிக்கலால் சில இடங்களில் பின்னணிப் பாட்டு மாறியிருக்கிறது. பெட்டிக்குள் பாட்டு எதுவும் தேவைப்படாததால் இந்த எபிசோடைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.